ரெண்டாவது விசில்

தொடையில போன் அதிருது. போன் என்கிட்ட இல்ல. இது எனக்குத் தெரியும், என் தொடைக்குத்தான் தெரியல. கியர் ராடு அதிர்றது ஒரு மாதிரி, சீட்டு அதிர்றது ஒரு மாதிரி, இது வேற, விட்டு விட்டு, பாக்கெட்டுக்குள்ள யாரோ ஒரு வண்டப் புடிச்சுப் போட்டு மூடுன மாதிரி. கை தன்னால எறங்கிப் போயி தடவுது. சாவிக்கொத்து, கைக்குட்டை. கை திரும்பி ஸ்டியரிங்குக்கு வந்துருது, ஒன்னுமே நடக்காத மாதிரி. போன் பின்னால இருதயராஜ் தோள்ல தொங்குற பையில இருக்கு. போன மாசம் டிப்போவுல நோட்டீஸ் ஒட்டுனதுலேந்து அப்படித்தான், டூட்டியில ஏறுனா டிரைவர் போன் கண்டக்டர் பைக்குள்ள போயிரணும். வண்டி ஓட்டுறவன் மனசு ரோட்டுல இருக்கணுமாம். சரிதான். போனத்தான் வாங்கி வச்சிக்க முடியும். மனசையும் கழட்டி அந்தப் பையில சில்லறையோட போட்டுட்டு வர்றதுக்கு நோட்டீஸ்ல வழி சொல்லல. காலையில சத்திரம் பஸ் ஸ்டாண்டுல போன நீட்டுனப்ப இருதயம் கை நீட்டாம என் மூஞ்சியவே பாத்தான். "ஏண்ணே, லீவு சொல்லியிருக்கலாம்ல?" "சொன்னேன். ஆளு இல்லன்னுட்டாங்க. கோகிலாவும் போன்னுட்டா." அது நெசம். பிரசவ வார்டு வாசல்ல என் பொண்டாட்டி சொன்ன வார்த்தை அப்படியே இருக்கு: "நீங்க இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க, உள்ள விட மாட்டான், வெளிய நின்னா வர்றவ போறவளுக்கு இடைஞ்சல், போயி வண்டிய ஓட்டுங்க, ஏதாவதுன்னா போன் போடுறேன்." ஏதாவதுன்னா. அந்த ஒரு வார்த்தைதான் இப்ப தொடையில அதிருது. உள்ள படுத்திருக்குறது எம் பொண்ணு தேன்மொழி. மொத பிரசவம். வயித்துப் புள்ள அசையலன்னு காலையில கூட்டிட்டுப் போனோம். "போன் வந்தா மொத வேலையா சொல்றேண்ணே, நீங்க ரோட்டப் பாருங்க"ன்னு சொல்லி இருதயம் வாங்கிப் பையில போட்டு ஜிப்ப இழுத்தான். அந்த ஜிப் சத்தம் கூட இன்னும் காதுல இருக்கு. ஜிப்புக்கெல்லாம் காது குடுத்துக்கிட்டு இருந்தா விசிலுக்கு யாரு குடுப்பா.

ரெண்டு விசில். கெளம்பு. கால் கிளச்சுக்குப் போயிருச்சு, நான் அனுப்பல. இத்தனை வருசத்துல அந்த விசில் என் காது வழியா வர்றத நிறுத்திட்டு நேரா காலுக்கே போயிருது. ஒத்த விசில் நில்லு, ரெட்டை விசில் போ, நிறுத்தாம ஊதுனா ஏதோ விபரீதம், அப்படியே நிறுத்து. மூணே பாடம். கல்யாண வீட்டுல எவனாவது சின்னப்பய பீப்பி ஊதுனாக்கூட பந்தியில உக்காந்திருக்க என் வலது காலு தரைய அமுக்கும், கோகிலா பாத்துட்டு தலையில அடிச்சிக்குவா. மெயின்கார்டு கேட்டு, இங்க எல்லாச் சத்தமும் ஒன்னா வந்து விழும், ஆட்டோ, பழ வண்டி ஸ்பீக்கர், எவனோ அடக்கமாட்டாம அமுக்குற ஆரன், எனக்கு எதுவும் கேக்காது. கேக்காதுன்னா காதுல விழும், உள்ள ஏறாது, படிக்கட்டுல தொங்கிட்டே வந்து எறங்கிப் போயிரும். ஆனா இன்னைக்கு ஒன்னு மட்டும் உள்ள ஏறி சீட்டுப் போட்டு உக்காந்திருக்கு. எனக்குப் பின்னால மூணாவது வரிசையில ஒரு கைக்கொழந்த அழுவுது. மத்த நாள்ல ஒரு நடைக்கு நாலு கொழந்த அழும், யாரு எண்ணப் போறா. இன்னைக்கு அது மூச்ச இழுக்குறது கூடக் கேக்குது. அழுது, இழுத்து, கொஞ்சம் நிக்குது பாரு, அந்த எடத்துல என் கை ஸ்டியரிங்க இறுக்குது, அப்புறம் மறுபடி அழுதாத்தான் விடுது. அழு தாயி. நீ பாட்டுக்கு அழு. முன் சீட்டுல சதாசிவம் சார் பேசிக்கிட்டே வர்றார், பேக்டரியில ரிட்டயர்டு ஆனவர், தெனம் இந்த நடையிலதான் வருவார், எதுக்குப் போறார்னு அவருக்கே தெரியாது, பேசுறதுக்கு ஒரு ஆளு வேணும், நான் எந்திரிச்சு ஓட முடியாதவன். "லெப்ட்ல சொருவுறான் பாரு. விட்டுப்புடி. கலியமூர்த்தி, உனக்கு இந்த ரோடு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா?" "தெரியும் சார்." "உனக்கு எப்படித் தெரியும்?" "நேத்தும் சொன்னீங்க சார்." சிரிக்கிறாரு. நல்ல மனுசன். அவரு சொன்னதுல பாதி என் காதத் தாண்டுனதில்ல, பதில மட்டும் வாய் குடுத்துரும். வாய்க்குத் தனியா ஒரு கிளார்க்கப் போட்டு வச்சிருக்கேன்.

காந்தி மார்க்கெட்டுல கூட்டம் ஏறுது, மூட்டையும் கூடையுமா. கடைசியா ஒரு பூக்காரம்மா, கூடைய ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு பின்படியில ஏறுறது இடது கண்ணாடியில தெரியுது, மேல ஈரத்துணி போத்துன கூடை. "கூடைக்கு லக்கேஜ் போடணும்மா"ன்னு இருதயம் கத்துறான். "ஏன், என் கூடை தனியா சீட்டா கேட்டுச்சு? மடியில வச்சிக்கிறேன் போய்யா." ரெட்டை விசில். நான் ராத்திரி ஸ்கூல்ல பத்தாவது முடிச்சவன். பகல்ல லாரிக்கு கிளீனரு, ராத்திரி மாணவன், பெஞ்சுல பக்கத்துல உக்காந்தவனுக்கு என்மேல டீசல் நாத்தம், எனக்கு அவன்மேல மீன் நாத்தம், ரெண்டு பேருக்கும் கொஞ்ச நாள்ல ஒரு நாத்தமும் தெரியல. ஸ்கூலுக்கு ஒட்டுன சுவரு அரவை மில்லு. மொத நாள் அந்தச் சத்தத்துல வாத்தியாரு வாயத் தொறக்குறதுதான் தெரிஞ்சுது, இங்க எவன் படிப்பான்னு நெனச்சேன். அப்புறம் அந்த மில்லு எங்கயோ போயிருச்சு. ஒரு நாள் பரிச்சை, ஐம்பொறிகள் பத்தி எழுதுகன்னு கேள்வி, கண்ணு எழுதி மூக்கு எழுதி, காதுன்னு ஆரம்பிச்சேன், அப்ப வகுப்புல இருந்த அத்தன பேரும் ஒரே நேரத்துல தலையத் தூக்குனோம். யாரோ ஏதோ சொன்ன மாதிரி. யாரும் ஒன்னும் சொல்லல. மில்லுல பெல்ட்டு அறுந்து போயி நின்னுருச்சு. நின்னப்பதான் அது அவ்வளவு நாளும் ஓடிக்கிட்டு இருந்ததே தெரிஞ்சுது. காதப் பத்தி நான் என்ன எழுதுனேனோ, மார்க்கு வந்துச்சு. ஆனா அன்னைக்குப் புரிஞ்சது வேற. உள்ளுக்குள்ள எங்க டிப்போ மாதிரிதான் இருக்கு. வண்டி அஞ்சு நிக்குது, டிரைவர் ஒருத்தன். கண்ண எடுத்துட்டுப் போனான்னா மத்த நாலும் ஷெட்டுல கெடக்கும். பாக்குறவங்களுக்கு அஞ்சு வண்டியும் நல்லாத்தான் இருக்கும், டயர்ல காத்து இருக்கும், டேங்க்ல டீசல் இருக்கும். ஓட்ட ஆளு இருக்காது. இத ஏன் இப்ப நெனைக்கிறேன். நெனைக்கக் கூடாதுன்னு ஒன்ன ஒதுக்கி வச்சிருக்கேன்ல, அதச் சுத்தித்தான் வண்டி வளைஞ்சு வளைஞ்சு வருது. நேத்து ராத்திரி தேனு பாய விரிச்சுப் படுத்தா. நான் சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். "ஏம்மா, இன்னைக்கு இது உதைச்சுதா?"ன்னு கேட்டா. கோகிலா சிரிச்சுட்டா. "நீ வயித்துல வச்சிக்கிட்டு என்னைக் கேக்குறியாடி?" நானும் சிரிச்சேன், வாயில சோத்தோட. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு கைய வயித்துல வச்சா. வச்ச கைய எடுக்கல. மாசக்கணக்கா அது உள்ள உருண்டுக்கிட்டே இருந்துச்சு, மொத உதைக்கு ஊரக் கூப்புட்டா, அப்புறம் பழகிருச்சு, துணி தொவைச்சா, வெங்காயம் உரிச்சா, பக்கத்து வீட்டுக்காரியோட சண்ட போட்டா, அது பாட்டுக்கு மில்லு மாதிரி ஓடிக்கிட்டு இருந்துச்சு. காலையில டூட்டி டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி, எப்பலேந்து அசைவு இல்லன்னு. தேனு எங்களப் பாக்குறா, நாங்க தேனப் பாக்குறோம். நின்ன நேரம் யாருக்குத் தெரியும். தலையத் தூக்குன நேரம்தான் தெரியும்.

பால்பண்ணை. வண்டி நிக்குது. போன் அடிக்குது. இது தொடை இல்ல, காது. என் போன் சத்தம் பழைய டெலிபோன் மணி மாதிரி வச்சிருப்பேன், பாட்டு கீட்டு கெடையாது, அந்த மணிதான், பின்னாலேந்து, ஜனங்க சத்தத்துக்கு அடியில, பைக்குள்ளேந்து வர்ற மாதிரி அமுங்கி. ரெண்டு தடவ. நின்னுருச்சு. நெசமா அடிச்சுதா, காது தானா அடிச்சிக்கிச்சா. உள்கண்ணாடியில பாத்தா இருதயம் பின்சீட்டுப் பக்கம் திரும்பி, எனக்கு முதுகக் காட்டிக் குனிஞ்சு நிக்குறான். "இருதயம்! போன் அடிச்சுதா?" என் குரல் வண்டி பூரா போகுது. அவன் குனிஞ்சே இருக்கான். எனக்கும் அவனுக்கும் நடுவுல நிக்கிறவங்க கைமாத்தி விடுறாங்க, "கண்டக்டரே, டிரைவர் கூப்புடுறாரு", "போன் வந்துச்சான்னு கேக்குறாரு." நிமுந்துட்டான். "இல்லண்ணே. வேற யாரோட போனோ. நீங்க ரோட்டப் பாருங்க." ரெட்டை விசில். கால் போயிருச்சு. வண்டி போயிருச்சு. நான் பால்பண்ணையிலயே நிக்கிறேன். இல்லண்ணேன்னு சொன்னப்ப அவன் கண்ணாடியில என்னப் பாத்தானா, பாக்கலயா? அவன் எப்பவும் கண்ணாடியப் பாத்துத்தான் பேசுவான். எட்டு வருசமா எங்க சிநேகமே அந்தக் கண்ணாடியிலதான், பொண்ணு பாத்த கதை, அவன் அம்மாவுக்கு கண்ணு ஆபரேசன் பண்ண கதை, எல்லாம் இடம் வலமா மாறுன மூஞ்சியோடதான் பேசியிருக்கோம். டீக்கடையில நேருக்கு நேரா பாத்தா அவன் மூஞ்சி எனக்கு எப்பவும் ஏதோ கோணலாத்தான் தெரியும். இப்ப அவன் மூஞ்சியக் காணோம். தலையத்தான் காட்டுறான். டிக்கெட்டு கிழிக்கிறதுக்கு அவ்வளவு குனியணுமா. சில்லறைய அவ்வளவு உத்துப் பாக்கணுமா. "ரோட்டப் பாரு கலியமூர்த்தி, ஸ்பீடு பிரேக்கரு." சதாசிவம் சார். ஏறி எறங்கிட்டேன். "பாத்தேன் சார்." பாக்கல. உடம்பு பாத்துச்சு.

அரியமங்கலம். குப்பை மேடு வருது, பாக்கவே வேணாம், மூக்கு சொல்லிரும். இன்னைக்குப் புகையும் சேந்திருக்கு. வண்டியில அத்தன பேரும் ஒரே நேரத்துல மூக்கப் பொத்துறாங்க, முந்தானை, கைக்குட்டை, ஒருத்தன் ஹெல்மெட்டையே மூஞ்சியில கவுத்துக்கிட்டான். வண்டி உள்ள பேச்சு நின்னு போகும் இந்த எடத்துல, யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க, தெனம் நான் இந்த அமைதிக்காகவே கொஞ்சம் மெதுவா போறதுண்டு. சதாசிவம் சார் கூட நிறுத்திருவாரு. நான் மூச்ச இழுத்துப் பாக்குறேன். எனக்கு நாத்தம் வரல. புகை கண்ணாடியில வந்து மோதுது, கண்ணு எரியுது, மூக்குல ஒன்னும் இல்ல. ஆஸ்பத்திரி வாசம்தான் வருது. காலையில அந்த நீட்டு வராண்டாவுல தரைய தொடைச்சிருந்தாங்க பாரு, அந்த லோஷன் வாசம், அதுக்குள்ள பச்ச ரத்த வாசம் மாதிரி ஒன்னு, குப்பை மேட்டையே தள்ளிவிட்டுட்டு அது மூக்குல ஏறி உக்காந்திருக்கு. ஸ்கேன் எடுத்தப்ப ஒரு தடவ நானும் போயிருந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் நிக்கச் சொன்னாங்க. டாக்டரம்மா ஏதோ திருவுனாங்க, ரூம் பூரா குதிரை ஓடுற மாதிரி சத்தம். டபடபடபடப. "தாத்தா, கேக்குதா?"ன்னு திரைக்கு அந்தாண்டேந்து டாக்டரம்மா கேட்டுச்சு. என்னைத்தான் தாத்தாங்குதுன்னு புரியவே ஒரு நிமிசம் ஆச்சு. கேக்குதும்மா. ஏன் இவ்வளவு வேகமா ஓடுதுன்னேன். "அதுக்கு அவசரம்"ன்னு சிரிச்சுச்சு. இன்னைக்குக் காலையில அதே மாதிரி ஏதோ மெஷின வயித்துல வச்சுத் தடவுனாங்க, கதவு சாத்தியிருந்துச்சு, நான் வெளிய. காதக் கதவுல வச்சு நின்னேன். எனக்குக் கேட்டது என் காதுக்குள்ள ஓடுற என் ரத்தம்தான். டபடபன்னு. அது புள்ளையோடதுன்னு நெனச்சு ஒரு நொடி சந்தோசப்பட்டேன். அப்புறம்தான் கோகிலா கதவத் தொறந்துட்டு வந்து, போயி வண்டிய ஓட்டுங்கன்னா. அவ அத எந்தக் குரல்ல சொன்னா? வார்த்தைதான் இருக்கு என்கிட்ட. குரலு இல்ல. அவ சேலை முந்தானையக் கையில சுருட்டிக்கிட்டு இருந்தா, அந்தச் சுருட்டலப் பாத்துக்கிட்டு இருந்தேன், குரல விட்டுட்டேன்.

காட்டூர் வரப்போகுது. பின்னால ஏதோ கொறையுது. என்ன கொறையுது? டயர் சத்தம் இருக்கு, என்ஜின் இருக்கு, பேச்சு மறுபடி ஆரம்பிச்சிருச்சு. கொழந்த. கொழந்த அழுகைய நிறுத்திருச்சு. எப்ப நிறுத்துச்சுன்னு தெரியல. தலையத் தூக்கி உள்கண்ணாடியப் பாக்குறேன், மூணாவது வரிசையில அந்தப் பொண்ணு கொழந்தையத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு இருக்கா. தூங்குது. தூங்குதுதானே? தட்டுறாளே. தூங்குற கொழந்தையத்தான் தட்டுவாங்க. அவளுக்குப் பின்னால, தலைக்கூட்டத்துக்கு மேல, இருதயம். இப்பதான் அவன் மூஞ்சி கெடச்சுது. அவன் என்னப் பாத்துக்கிட்டு இருக்கான். நான் பாக்கறேன்னு தெரிஞ்சதும் கண்ண எடுத்துட்டான். ஒத்த விசில். கால் பிரேக்குல. காட்டூர். ரெண்டு பேரு எறங்குறாங்க, பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க. ரெட்டை விசில். கிளச்சு, கியரு, வண்டி உருளுது. இந்த நேரத்துல டிரைவருங்கிறவன் பாக்க வேண்டிய எடம் ஒன்னே ஒன்னு. இடது கண்ணாடி. பின்படியில கடைசிக் காலு எறங்குச்சா, எவனாவது ஓடி வர்றானா, அதத்தான் பாக்கணும். லைசென்ஸ் எடுக்க வந்த மொத நாளே சொல்லிக் குடுக்குறது. நான் உள்கண்ணாடியப் பாத்தேன். அவன் மூஞ்சியத்தான் பாத்தேன். பால்பண்ணையில அடிச்சது என் போன்தான்னு அந்த மூஞ்சியில எழுதியிருக்கான்னு பாத்தேன். கன்னம் இறுகியிருக்கா, அழுதானா, கண்ணு செவந்திருக்கா, எது இருந்தா என்ன அர்த்தம், போனது எம் பொண்ணா, வயித்துப் புள்ளையா, ரெண்டுமா. ரெண்டுமா. அவன் மூஞ்சி மாறுது. கண்ணு பெருசாகுது. வாயில விசில் இருக்கு. கன்னம் ரெண்டும் உப்புது, கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழும்புது, மூஞ்சி செவந்து கருத்துப் போகுது, கைய ஆட்டுறான். நான் இதையெல்லாம் ஒன்னு விடாம பாத்துக்கிட்டு இருக்கேன். இவன் ஏன் இப்படி ஆகுறான், சேதி அவ்வளவு மோசமான்னு யோசிச்சேன். பக்கத்துல சதாசிவம் சார் எந்திரிச்சு நின்னு வாய அகலமாத் தொறந்து தொறந்து மூடுறாரு, அதையும் ஓரக்கண்ணுல பாத்தேன். மூணாவது வரிசையில கொழந்த மூஞ்சி கோணிக்கிச்சு, முழிச்சிருச்சு, வாயத் தொறக்குது. ஒரு சத்தம் இல்ல. சத்தியமா ஒரு சத்தமும் இல்ல. வண்டி அவ்வளவு அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல, யாரோ திரைக்கு அந்தாண்ட எல்லாரையும் உக்கார வச்ச மாதிரி. அப்ப முதுகுல வந்துச்சு. சீட்டு வழியா, தகரத்து வழியா, உடம்புல. தட். தட். தட். வெளியில யாரோ வண்டியோட தகரத்த ரெண்டு கையாலயும் அறையுறாங்க. அது காதுக்கு வரல, நேரா முதுகெலும்புல வந்து அறைஞ்சுது. கால் பிரேக்க மிதிச்சுது. நின்னவங்க எல்லாரும் முன்னால வந்து விழுந்தாங்க.

அடுத்து வந்தது மூக்கு. மல்லிப்பூ வாசம், சூடா, நசுங்குன வாசம், டயர் ரப்பரோட கலந்து வந்துச்சு. குப்பை மேட்டுல வேலைக்கு வராத மூக்கு இப்ப வந்து நிக்குது. அதுக்கப்புறம், கடைசியா, சத்தம், மொத்தமா, மடை ஒடைஞ்ச மாதிரி, கொழந்த வீறிட்டு அழுவுது, பொம்பளைங்க அலறுறாங்க, சதாசிவம் சார் "நிறுத்து நிறுத்து நிறுத்து"ன்னு நின்ன வண்டியில கத்திக்கிட்டு இருக்காரு. இருதயம் விசிலத் துப்பிட்டுப் படியில குதிச்சுட்டான். நான் எறங்குனேன். காலு எறங்குச்சு, கூடவே போனேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்துல பூக்காரம்மா ரோட்டுல உக்காந்திருக்கு. காட்டூர்ல எறங்க வேண்டியது, குப்பை மேட்டுல மூக்கப் பொத்துனதோட அசந்துருச்சாம், கெளம்புன வண்டியில திடுக்குனு எந்திரிச்சு ஒரு கால கீழ வச்சிருக்கு, கூடையோட வளையம் படிக் கம்பியில மாட்டிக்கிச்சு, கூடைய விட மனசில்ல, வண்டி இழுத்துட்டுப் போயிருக்கு. கூடை சக்கரத்துக்கு அடியில அப்பளமா கெடக்கு. ஒரு செருப்பு டயருக்கு அடியில, பாதி வெளிய, பாதி உள்ள. காலு வெளியில. முட்டிலேந்து கணுக்கால் வரைக்கும் தோலு வழண்டு ரத்தம், மண்ணோட. காலு இருக்கு. நான் அந்தக் காலையே பாத்துக்கிட்டு நின்னேன். "பாவி, இன்னும் ஒரு சாண் போயிருந்தா என்னாடா ஆயிருப்பேன்! அவன் உசுரு போற மாதிரி ஊதுறான், ஊரே கத்துது, உனக்குக் காது என்ன செவிடா?"ன்னு அந்தம்மா கத்துச்சு. தகரத்த அறைஞ்ச டீக்கடைக்காரரு கை செவந்து போயி நிக்கிறாரு. "குடிச்சிருக்கானா பாருங்கடா." "வாய ஊதச் சொல்லு." சதாசிவம் சார் நடுவுல வந்து, "அவன் அந்த மாதிரி ஆளு இல்லய்யா, தெனம் வர்றவன் நான், எனக்குத் தெரியும்"ங்கிறாரு. அந்தம்மா மட்டும் என் மூஞ்சிய ஒரு மாதிரி பாத்துச்சு. "நெசமாவே கேக்கலயாய்யா?" "கேக்கலம்மா." வேற என்ன சொல்ல. பாத்துக்கிட்டே இருந்தேன்மா, கேக்கலன்னு சொன்னா அடிச்சே கொன்னுருவாங்க. அந்தம்மா முந்தானையக் கிழிச்சுக் காலுல சுத்த ஆரம்பிச்சிருச்சு. ஒருத்தன் ஆட்டோவக் கூப்புட்டான். நாலு பேரு தூக்கி ஏத்துனாங்க. ஏறி உக்காந்துட்டு, "என் கூடைய எடுங்கய்யா"ன்னுச்சு. 

வண்டி என்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. மேல ஏறிப் போயி ஆஃப் பண்ணேன். பண்ணுனதும் ஒரு அமைதி, அந்த மில்லு அமைதி, ரோட்டுல நின்ன அத்தன பேரும் ஒரு நொடி தலையத் தூக்கிப் பாத்தாங்க. அந்த அமைதிக்குள்ள மணி அடிச்சுது. பழைய டெலிபோன் மணி. தொடை இல்ல. என் காதுக்குள்ள இல்ல. படிக்குக் கீழ நின்ன இருதயத்தோட பைக்குள்ள. அவன் அத எடுக்கல. யாரோட போன்னு தேடவும் இல்ல. பைய ரெண்டு கையாலயும் வயித்தோட சேத்து அணைச்சுப் புடிச்சிக்கிட்டு நின்னான், அமுக்குனா சத்தம் வெளிய வராதுங்கிற மாதிரி. அடிச்சு அடிச்சு நின்னுருச்சு. நான் எறங்கி அவன் முன்னால போயி நின்னேன். கண்ணாடி இல்லாம, நேருக்கு நேரா. கோணலா இருந்துச்சு அந்த மூஞ்சி. "பால்பண்ணையில வந்துச்சா?" தலைய ஆட்டுனான். "எடுத்தியா?" "கோகிலாக்காதான் பேசுனாங்கண்ணே. துவாக்குடி போயி நடை முடிஞ்சதும் சொல்லலாம்னு. வண்டியில இத்தன ஜனம் இருக்கு, உங்க மனசு ரோட்டுல இருக்கட்டும்னு நெனச்சேண்ணே. அதுக்குத்தாண்ணே சொல்லல." அவன் கழுத்துல விசில் ஆடுது, எச்சி ஈரத்தோட. வண்டிக்குள்ள கொழந்த இன்னும் அழுதுக்கிட்டு இருக்கு, எனக்கு அதோட ஒவ்வொரு மூச்சும் கேக்குது, டீக்கடையில பாய்லரு கொதிக்கிறது கேக்குது, ஆட்டோ திரும்புறது, நசுங்குன பூவுல ஈ மொய்க்கிறது, எல்லாம், அஞ்சு வண்டியும் ஒரே நேரத்துல கெளம்பி வந்து என்ன சுத்தி நிக்குது. "சொல்லு இருதயம்."

"தேனு நல்லாருக்குண்ணே"ன்னான்.

ஒத்த விசில் அடிச்சா நிக்கணும். ரெண்டாவது வந்தாத்தான் போகணும். நான் நின்னேன். புள்ளையும்னு ரெண்டாவதா ஒரு வார்த்தை வரும்னு அவன் வாயவே பாத்துக்கிட்டு, காதத் தீட்டிக்கிட்டு நின்னேன்.

அவன் கழுத்துலேந்து விசிலக் கழட்டிப் பைக்குள்ள போட்டு ஜிப்ப இழுத்தான்.